குத்தகையாளர் வழியாக ஆள் எடுக்கிறீர்களா? சிங்கப்பூரில் சட்டப்படி நடப்பதற்கான முழு வழிகாட்டி

“அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, குத்தகையாளரின் ஆட்கள்.” மனிதவள அமைச்சின் அதிகாரி வந்து நிற்கும்போது சிராங்கூன் சாலை உணவகமானாலும் துவாஸ் பட்டறையானாலும் முதலில் வரும் பதில் இதுதான். சில வேளைகளில் இந்தப் பதில் செல்லும்; பல வேளைகளில் செல்லாது. ஒப்பந்தத் தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சட்டம் கடைசியாகத்தான் பார்க்கும். யார் இடத்தில் வேலை நடந்தது, காலையில் யார் உத்தரவிட்டார், கருவிகள் யாருடையவை என்பவைதாம் முதல் கேள்விகள். வேலையைக் குத்தகைக்கு விடலாம். பொறுப்பில் ஒரு பகுதி உங்களிடமே தங்கிவிடும். அது எந்தப் பகுதி என்று தெரிந்துகொண்டால் இந்த விவகாரத்தில் பாதிக்கு மேல் முடிந்தது.

பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கும். கீழே உள்ளவை உணவகம், நகைக்கடை, சிறு தொழிற்சாலை, கிடங்கு போன்றவற்றை நடத்துபவர்களையும் அவர்களுடைய கணக்கு, மனிதவள வேலைகளைப் பார்ப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: நீங்கள் வாங்குவது வேலையா, ஆளா?

இரண்டு ஏற்பாடுகளைப் பாருங்கள். ஒன்று: மாதம் ஒருமுறை இரவு கடை மூடிய பிறகு ஒரு நிறுவனம் வந்து, உங்கள் சமையலறையின் புகைக்கூண்டைத் தன் ஆட்களையும் கருவிகளையும் கொண்டு சுத்தம் செய்துவிட்டு இன்வாய்ஸ் அனுப்புகிறது. இது குத்தகை. இன்னொன்று: தீபாவளிக்கு முந்தைய வாரம் கூட்டம் தாங்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூன்று பேரை அனுப்புகிறேன், தலைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு கொடுங்கள் என்கிறார். வந்த மூவரும் உங்கள் தலைமைச் சமையல்காரர் சொன்னபடி பாத்திரம் கழுவுகிறார்கள், வெங்காயம் உரிக்கிறார்கள், உங்கள் நேரப்படி வந்து போகிறார்கள். அவர்களின் ஒர்க் பெர்மிட்டைப் பார்த்தால் ஏதோ ஒரு கட்டுமான நிறுவனத்தின் பெயர் இருக்கிறது.

இரண்டாவதற்கு நீங்கள் குத்தகை என்று பெயர் வைத்தாலும், வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின் கண்ணில் அது, செல்லுபடியாகும் அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்துக்கொண்டதாகவே தெரியும். ஒர்க் பெர்மிட் ஒரு குறிப்பிட்ட முதலாளிக்கும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கும் தரப்படுவது. அதை வைத்துக்கொண்டு வேறோர் இடத்தில் வேறொரு வேலை செய்ய முடியாது. முதல் குற்றத்துக்கே 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆட்களை அனுப்பிய முதலாளியும் தப்ப மாட்டார். அனுமதி நிபந்தனையை மீறியதற்கு அவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் காத்திருக்கின்றன. அந்த மூன்று ஊழியர்களோ ஊருக்குத் திருப்பி அனுப்பப்படும் நிலைக்கு ஆளாகலாம். கடன் வாங்கி வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ்க் கடைகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. சேவைத் துறைக்கு ஒர்க் பெர்மிட்டில் ஆள் எடுக்கக்கூடிய நாடுகளின் வழக்கமான பட்டியலில் இந்தியா இல்லை. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகச் சமையல்காரர், ஹோட்டல் அறைப் பராமரிப்பாளர் போன்ற சில வேலைகளுக்கு மட்டும், குறைந்தது 2,000 வெள்ளி மாதச் சம்பளம் என்ற நிபந்தனையோடு கதவு திறந்திருக்கிறது. பாத்திரம் கழுவுவதும் மேசை துடைப்பதும் அதில் வராது. ஆகவே, கட்டுமானத்தில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகளை இரண்டு நாளைக்குக் கூப்பிட்டுக்கொள்ளும் பழக்கம், எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும் குற்றம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓர் இடத்தில் வெளிநாட்டவர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தால், அந்த இடத்தை வைத்திருப்பவரே அவரை வேலைக்கு வைத்திருக்கிறார் என்று சட்டம் முதலில் ஊகித்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியவர் நீங்கள். இனி வரும் படிகள் ஒவ்வொன்றும் தாள்களைச் சேர்த்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

படி 2: விலை கேட்பதற்கு முன் குத்தகையாளரைச் சோதியுங்கள்

நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் சில வெள்ளி செலவழித்தால் நிறுவன விவரத் தாள் கிடைத்துவிடும். நிறுவனம் நடப்பில் இருக்கிறதா, இயக்குநர்கள் யார், பதிவுசெய்த தொழில் எது என்று பாருங்கள். பொது வணிகம் என்று பதிந்துவிட்டு ஆள் அனுப்பும் நிறுவனத்தைக் கண்டால் அங்கேயே நின்று யோசியுங்கள். ஆளைத் தேடிப் பிடித்து உங்களிடம் வேலைக்குச் சேர்த்துவிடுவதே அவர் தொழில் என்றால் அவருக்கு வேலை முகவர் உரிமம் வேண்டும்.

அடுத்து, தொழிலுக்குரிய உரிமம். துப்புரவு நிறுவனத்துக்குத் தேசிய சுற்றுப்புற வாரியம், காவல் நிறுவனத்துக்குப் போலிஸ் உரிமப் பிரிவு, மின்வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர், குழாய் வேலைக்குப் பொதுப் பயனீட்டுக் கழக உரிமம் பெற்றவர், கட்டட வேலைக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் உரிமம். துப்புரவு உரிமம் 2024 முதல் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதால் எந்த வகை என்றும் கேளுங்கள்.

பாதுகாப்புக்கு இரண்டு சோதனைகள். பிஸ்சேஃப் என்ற வேலையிடப் பாதுகாப்புத் திட்டத்தின் மூன்றாம் நிலைச் சான்றிதழ் இருந்தால் அவர்களின் இடர் மதிப்பீடு தணிக்கை செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். மனிதவள அமைச்சின் செக்சேஃப் இணையச் சேவையில் நிறுவனப் பெயரைத் தட்டினால் விபத்துகள், தண்டனைப் புள்ளிகள், வேலை நிறுத்த உத்தரவுகள் பற்றிய வரலாறு தெரியும். கட்டுமானத்திலும், 2023 அக்டோபர் முதல் உற்பத்தித் துறையிலும், 18 மாதத்துக்குள் 25 புள்ளிகள் சேர்ந்துவிட்டால் அந்த நிறுவனம் வெளிநாட்டு ஊழியரை எடுப்பதற்குத் தடை வரும். உங்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை, அதுவும் இலவசம்.

கடைசியாக வேலைக்காய இழப்பீட்டுக் காப்புறுதி. உடலுழைப்பு ஊழியர் அனைவருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி இதை எடுத்தே ஆக வேண்டும். உடலுழைப்பு அல்லாத வேலையில் மாதம் 2,600 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கும் கட்டாயம். சான்றிதழில் காலாவதித் தேதி, உள்ளடங்கும் தொழில், ஊழியர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் படியுங்கள். அலுவலகத் துப்புரவுக்கு எடுத்த காப்புறுதியைக் காட்டிவிட்டு வெளிச்சுவரில் ஆளைத் தொங்கவிடும் குத்தகையாளர்கள் இருக்கிறார்கள்.

படி 3: விலையைப் படியுங்கள்

இதை எவரும் சட்ட வேலையாக நினைப்பதில்லை. என் பார்வையில் பெரும்பாலான மீறல்கள் தொடங்கும் இடமே இதுதான்.

துப்புரவு, காவல், நிலவனப்புத் துறைகளில் படிப்படியாக உயரும் சம்பள முறை உரிம நிபந்தனையாகவே இருக்கிறது. துப்புரவுக்கு 2014லும் மற்ற இரண்டுக்கும் 2016லும் தொடங்கியது. பிறகு சில்லறை வணிகம், உணவுச் சேவை, கழிவு நிர்வாகம் என்று விரிந்தது. காவல் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை நிலையில் உள்ள முழுநேரக் காவல் அதிகாரியின் மாதச் சம்பளம் 2024இல் குறைந்தது 2,650 வெள்ளி. அது ஆண்டுதோறும் 220 வெள்ளி உயர்ந்து 2028இல் 3,530 ஆகும்படி முன்பே அறிவிக்கப்பட்டிருக்கிறது. நான்கு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு.

இப்போது ஒரு கட்டட நிர்வாகம் மூன்று ஆண்டுக்கு ஒரே விலை என்று ஒப்பந்தம் கேட்கிறது. குறைந்த விலை சொன்னவருக்கு வேலை போகிறது. இரண்டாம் ஆண்டில் சட்டப்படியான சம்பளம் உயரும், வரவு உயராது. அந்த வித்தியாசத்தைக் குத்தகையாளர் எங்கிருந்து எடுப்பார்? ஓவர்டைமிலிருந்து, ஓய்வு நாளிலிருந்து, மத்திய சேமநிதியிலிருந்து, அல்லது மூன்று ஆள் வேலையை இரண்டு ஆளிடம் சுமத்தி. குற்றம் அவருடையதுதான், ஆனால் அந்த விலையில் சட்டப்படி நடத்த முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே விலைப்புள்ளி வந்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஊழியர் எண்ணிக்கையைக் குறைந்தபட்சச் சம்பளத்தால் பெருக்குங்கள். உள்ளூர் ஊழியர் 55 வயதுக்கு உட்பட்டவர் என்றால் முதலாளியின் சேமநிதிப் பங்கு 17 விழுக்காடு, அதைக் கூட்டுங்கள். வெளிநாட்டு ஊழியர் என்றால் அவருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை, மருத்துவக் காப்புறுதி, தங்குமிடம். இந்தக் கூட்டுத்தொகையே விலைப்புள்ளியைத் தாண்டினால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு குத்தகையாளரிடம் விளக்கம் கேளுங்கள். பல ஆண்டு ஒப்பந்தமாக இருந்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனி விலை எழுதுங்கள்.

மனிதவள அமைச்சு, தேசிய தொழிற்சங்கக் காங்கிரஸ், முதலாளிகள் சம்மேளனம் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து வெளியிட்ட சிறந்த குத்தகை நடைமுறைகளுக்கான ஆலோசனைக் குறிப்பும் தலை எண்ணிக்கையை வைத்து ஒப்பந்தம் போடாமல் வேலையின் விளைவை வைத்துப் போடச் சொல்கிறது. ‘ஐந்து துப்புரவாளர்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, கழிப்பறை எத்தனை மணிக்கொருமுறை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். வாங்குவது வேலையா ஆளா என்று முதல் படியில் சொன்ன சந்தேகமும் இதனால் பெருமளவு விலகிவிடும்.

உங்கள் சொந்தச் சம்பளப் பட்டியலையும் மறக்க வேண்டாம். நீங்களே வெளிநாட்டு ஊழியரை வைத்திருந்தால், உங்களிடம் உள்ள உள்ளூர் ஊழியர் அனைவருக்கும் உள்ளூர் தகுதிச் சம்பளம் எனப்படும் குறைந்தபட்சத் தொகையாவது தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அது முழுநேரத்துக்கு 1,600 வெள்ளி, பகுதிநேரத்துக்கு மணிக்கு 10.50 வெள்ளி என்று உயர்த்தப்பட்டது. கையெழுத்திடும் நாளில் நடப்பில் உள்ள தொகையை அமைச்சின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

வழக்கறிஞர் எழுதித் தந்த இருபது பக்கத்தில், எல்லாப் பொறுப்பும் குத்தகையாளரையே சேரும் என்று ஒரு பத்தி இருக்கும். பணநஷ்டத்தை அவரிடமிருந்து திருப்பிக் கேட்க அது உதவும். குற்றப்பொறுப்பை அது மாற்றாது. அதைவிடப் பயன்படுபவை இவை:

- எழுத்து அனுமதி இல்லாமல் துணைக் குத்தகைக்கு விடக்கூடாது. மூன்றாம் அடுக்கில்தான் யாருடைய ஆள் யாரிடம் என்பது குழம்பிப்போகிறது.
- அனுப்பப்படும் ஒவ்வொருவரின் பெயர், அனுமதி வகை, முதலாளி பெயர் அடங்கிய பட்டியல் முன்கூட்டியே வர வேண்டும். ஆள் மாறினால் பட்டியலும் மாற வேண்டும்.
- சம்பளச் சீட்டு, சேமநிதி செலுத்திய சான்று ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.
- வேலையிடத்தில் ஊழியருக்கு உத்தரவிடுபவர் குத்தகையாளரின் மேற்பார்வையாளர். அவர் பெயரும் மாற்று ஆளின் பெயரும்.
- காயம் ஏற்பட்டால் அதே நாளில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தனிநபரைச் சுயதொழில் செய்பவர் என்று சொல்லி எடுப்பதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. உங்கள் நேரம், உங்கள் கருவி, உங்கள் உத்தரவு, அவருக்கு லாப நஷ்டம் எதுவும் இல்லை என்றால், அவர் உங்கள் ஊழியரே. பின்னால் சேமநிதிக் கழகம் பழைய பாக்கியை மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டியோடு கேட்கும். ஒர்க் பெர்மிட் வைத்திருப்பவர் எந்தச் சூழலிலும் சுயதொழில் செய்பவர் ஆக முடியாது.

படி 5: வாசலில்

முதல் நாள் ஆட்கள் வரும்போது பட்டியலோடு ஒருவரை நிறுத்துங்கள். அட்டையில் உள்ள படமும் எதிரே நிற்பவரின் முகமும் பொருந்த வேண்டும். எஸ்ஜி ஒர்க்பாஸ் செயலியில் அட்டையின் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் அனுமதி நடப்பில் உள்ளதா என்று தெரியும். அதில் வரும் முதலாளி பெயர் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள பெயர்தானா? இல்லையென்றால் ஏன்? எழுத்தில் பதில் வரும்வரை அவரை உள்ளே விடாதீர்கள். சோதித்த தேதி, நேரம், சோதித்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

சோதித்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காவல் கூண்டில் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் தரும் பழைய வழக்கத்துக்குத் தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகள் 2019 செப்டம்பரோடு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. கடப்பிதழை வாங்கி வைப்பது அதைவிட மோசம். அது தனிக் குற்றம்.

படி 6: வேலை நடக்கும்போது

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் உங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேடம் தருகிறது. இடத்தை வைத்திருப்பவர் என்ற முறையில் அந்த இடமும் வழிகளும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். வேலையைக் கொடுத்தவர் என்ற முறையில் குத்தகையாளருக்கு அந்த வேலையில் திறமை இருக்கிறதா, இயந்திரங்களுக்கும் கருவிகளுக்கும் தேவையான பாதுகாப்பு ஏற்பாட்டை அவர் செய்திருக்கிறாரா என்று உறுதிசெய்ய வேண்டும். வேலையை எப்படிச் செய்வது என்று நீங்களே உத்தரவிடத் தொடங்கிவிட்டால், முதலாளிக்குரிய கடமையும் உங்கள் தலையில் ஏறும். நிறுவனத்துக்கு முதல் குற்றத்துக்கு 500,000 வெள்ளி வரை அபராதம். தனிநபருக்கு 200,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும்.

ஒரு சாதாரண வேலையை எடுத்துக்கொள்வோம். கடைவீட்டின் பெயர்ப்பலகையில் விளக்கு எரியவில்லை. குத்தகையாளர் இருவரை அனுப்புகிறார். ஐந்தடிப் பாதையின் தூணில் அலுமினிய ஏணியைச் சாய்த்து ஒருவர் ஏறுகிறார். மற்றவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியைப் பார்க்கிறார். கீழே வாடிக்கையாளர்கள் நடக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை: அவர் விழுந்தால் எத்தனை மீட்டர்? மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய அபாயமான உயர வேலை என்றால் வேலை தொடங்குமுன் எழுத்து அனுமதி வேண்டும். பலகைக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தியது யார், மறுபடி யாரும் போட்டுவிடாமல் பூட்டியிருக்கிறதா? நடைபாதையை மறித்திருக்கிறார்களா? சாரம் கட்டுகிறார்கள், அதிலிருந்து நான்கு மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருக்கிறது என்றால், அதைக் கட்டுபவர் மனிதவள அமைச்சின் ஒப்புதல் பெற்ற சாரக் குத்தகையாளராக இருக்க வேண்டும்.

ஏணியில் நிற்பவரைப் பார்த்து “கொஞ்சம் இடப்பக்கம் எட்டிப் பிடி தம்பி” என்று சொல்வது நம் சுபாவம். சொல்லாதீர்கள். ஆபத்து தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். எப்படிச் செய்வது என்பதை அவர் சொல்லட்டும்.

இடர் மதிப்பீட்டைக் குத்தகையாளரிடமிருந்து வாங்கிப் படியுங்கள். அதில் உங்கள் இடத்தின் பெயர்கூட இல்லாமல், எங்கோ எடுத்த பிரதியாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். உங்கள் பக்கத்து ஆபத்துகளை நீங்கள் சொல்ல வேண்டும்: குளிர்பதன அறையின் கதவு உள்ளிருந்து திறக்குமா, கூரையில் எங்கே மிதிக்கக்கூடாது, எரிவாயு வால்வு எங்கே. வந்திருப்பவர்கள் தமிழரானால் தமிழில் சொல்லுங்கள். வங்காளியோ சீனமோ பேசுபவர்களானால் அவர்களின் மேற்பார்வையாளர் மொழிபெயர்த்துச் சொல்லும்வரை நில்லுங்கள். புரியாத மொழியில் கையெழுத்து வாங்கிய விளக்கத் தாள், விசாரணையில் உங்களுக்கு எதிராகவே பேசும்.

படி 7: சம்பளம் போய்ச் சேர்கிறதா?

குத்தகையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டோம், அதற்குமேல் நமக்கென்ன என்று இருக்க முடியாது. உடலுழைப்புத் தொழிலாளரின் சம்பளத்தைக் குத்தகையாளர் தராவிட்டால், வேலையைக் கொடுத்த நிறுவனத்தையும் சேர்த்துப் பொறுப்பாக்கும் பிரிவு வேலை நியமனச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு வரம்புகள் உண்டு. உதாரணமாக, கட்டுமான வேலையைக் கொடுத்தவர் தாமே கட்டுமானக் குத்தகையாளராகவோ வீட்டு மேம்பாட்டாளராகவோ இருந்தால்தான் பொருந்தும். கடை, தொழிற்சாலை தன் அன்றாடத் தொழிலின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடும்போது இந்தப் பிரிவை நினைவில் வைக்க வேண்டும்.

மாதத்துக்கு ஓரிரு ஊழியரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம் தொகை தரப்பட வேண்டும். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிடித்தங்களை உற்றுப் பாருங்கள்: தங்குமிடத்துக்காகச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்க முடியாது. வெளிநாட்டு ஊழியரானால், ஐபிஏ என்று அவர்கள் சொல்லும் ஒப்புதல் கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளமும் சீட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கடிதம் ஊழியரின் தாய்மொழியிலும் தரப்படுவதால், தமிழ் ஊழியர் கையில் தமிழ்ப் பிரதி இருக்கும். வேலை தந்ததற்காக அவரிடம் பணம் திரும்ப வாங்கப்படுகிறது என்று தெரிந்தால், அது 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உள்ள குற்றம், அமைச்சிடம் தெரிவியுங்கள்.

சம்பளம் வராத ஊழியர் முதலில் போவது சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணிக்கு. அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயரும் சொல்லப்படலாம். வருகைப் பதிவு உங்களிடம் இருந்தால் அவருக்கும் உதவும், உங்களுக்கும் உதவும்.

படி 8: காயமும் கணக்கு முடிப்பும்

விபத்து நடந்தால் சிகிச்சை முதலில். பெரிய விபத்தானால் இடத்தைக் கலைக்காதீர்கள், கழுவாதீர்கள். மரணமானால் அமைச்சுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஒரு நாள் மருத்துவ விடுப்போ இலகு வேலையோ தரப்பட்டால்கூட, 2020 செப்டம்பர் முதல், பத்து நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். குத்தகையாளரின் ஊழியர் என்றால் அறிக்கை தருபவர் அவருடைய முதலாளி. அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சுயதொழில் செய்பவரோ வழிப்போக்கரோ காயப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் இடத்தை வைத்திருக்கும் நீங்களே தர வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் நிரந்தர இயலாமைக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 346,000 வெள்ளி, மரணத்துக்கு 269,000 வெள்ளி. காப்புறுதி எடுக்காத குத்தகையாளரிடமிருந்து இவ்வளவு தொகை வரும் என்று எதிர்பார்க்க முடியாது. கவனக்குறைவு உங்களுடையது என்று கருதினால் ஊழியர் பொதுச் சட்டப்படி உங்கள்மீது வழக்குத் தொடரலாம்.

ஒப்பந்தம் முடியும்போது நுழைவு அட்டைகளைத் திரும்ப வாங்குங்கள். ஊழியர்களுக்குக் கடைசி மாதச் சம்பளம் தரப்பட்ட சான்று வந்த பிறகே கடைசி இன்வாய்ஸுக்குப் பணம் என்று ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்தால் இந்தக் கட்டம் சுலபமாகும். கட்டுமான ஒப்பந்தமானால் மட்டும் ஓர் எச்சரிக்கை: பணம் பெறுதல் உத்தரவாதச் சட்டத்தின்படி குத்தகையாளர் கோரிக்கை அனுப்பினால் அதிகபட்சம் 21 நாளுக்குள், எவ்வளவு தருகிறீர்கள், எதை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் சொல்லாமல் விட்ட காரணத்தைப் பிறகு நடுவரிடம் எடுத்துச் செல்ல முடியாது.